பெருமாள்மலைக்குப் பிறகு

கொடைக்கானல்
6 ஜூலை 2025

ஜாபர் அண்ணனுக்கு ஜஹனாரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீங்களும் மகன் ஃபஹீமும் மருமகள் சாஹிராவும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே மழையும் காற்றும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு அடிக்கின்றன. ஸ்வெட்டர் கடைக்கு இது நல்ல காலம் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். வாங்க ஆள் மலையேறி வந்தால்தானே நல்ல காலம்.

என்ன இவள் திடீரென்று தபாலில் இறங்கிவிட்டாள் என்று யோசிக்காதீர்கள். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் எனக்குப் பல்வலி என்றேன். அதற்கு "ரொம்ப சந்தோசம்மா" என்றீர்கள்.

விஷயம் இதுதான். என் மகள் ஆஃப்ரா கல்யாணமாகி கத்தாருக்குப் போனபோது ஒரு யூகலேலேயை இங்கேயே போட்டுவிட்டுப் போனாள். கிடார் மாதிரிதான், ஆனால் கைக்குழந்தை அளவு, நாலே நரம்பு. அவளுடைய அத்தா மவுத்தாகிப் போனதிலிருந்து வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறு சத்தம் கிடையாது. ஒருநாள் எடுத்துத் தூசி தட்டினேன். அப்படியே பிடித்துக்கொண்டேன். யூடியூபில் ஒரு பையன் சொல்லித் தருகிறான். 'சி' என்ற பிடிக்கு ஒரு விரல் போதும். 'எஃப்'புக்கு இரண்டு. 'ஜி'க்கு மூன்று விரலை முக்கோணமாக வைக்க வேண்டும். என் விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன. இந்த மூன்று பிடி வந்துவிட்டால் ஆயிரம் பாட்டு வாசிக்கலாமாம். எனக்கு ஆயிரம் வேண்டாம், ஒன்று போதும்.

நம் அத்தாவின் பஸ் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? வத்தலக்குண்டில் அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு மலையேறித் திரும்பும்போது, வளைவுகளில் நாம் வாந்தி எடுக்காமல் இருப்பதற்காக அத்தா பாடுவாரே, அவரே கட்டிய பாட்டு.

காமக்காபட்டி கண்ணாடிக்காரி
டம்டம் பாறை மத்தளக்காரி
ஊத்துல எறங்கி ஒருவாய்த் தண்ணி
பண்ணைக்காட்டுப் பிரிவுல பலாச்சுளை தின்னு
பெருமாள்மலையில பேரிக்கா கடிச்சு

கடித்து? அதற்குப் பிறகு என்ன? வார்த்தையும் வரவில்லை, ராகமும் வரவில்லை. அத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்தப் பாட்டு தெரிந்தவர் உலகத்தில் இனி நீங்கள் ஒருவர்தான். அதை நான் முழுசாக வாசிக்க வேண்டும். அதைக் கேட்டு நீங்கள், "ஏ புள்ள, இது நம்ம அத்தா பாட்டு" என்று சொல்ல வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

வெரசாகப் பதில் போடுங்கள். தொழுகையில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை
ஜஹனாரா


பாலசமுத்திரம்
30 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம்.

எல்லாரும் நலம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? கிராம்புத் தைலம் போட்டுப் பார். உன் கடிதத்தைக் கொடுத்தபோது தபால்காரர் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்திருப்பார் போல.

தோப்பில் டவர் சரியில்லை. போனில் ஒன்றும் விளங்குவதில்லை. கடிதமே நல்லது. பழனி பஜார் கடையை ஃபஹீம் முழுசாகப் பார்த்துக்கொள்கிறான். எனக்கு அங்கே போய் உட்கார அலுத்துவிட்டது. தேங்காய் விழுகிறதா, தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பதே இப்போது என் சோலி.

நீ பஸ் பாட்டு என்று எழுதியதும் டீசல் வாசனை வந்துவிட்டது. ஜன்னலோரத்துக்கு நீ அடம் பிடிப்பாய். ஜன்னலும் உனக்கு, மோந்து பார்க்க அம்மா கொடுத்த எலுமிச்சம்பழமும் உனக்கு. நான் அத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவேன். டம்டம் பாறை வந்ததும் அத்தா முன்சீட்டுக் கம்பியில் தாளம் போடுவார். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். அத்தா அவரையும் பாட்டில் சேர்த்துக்கொள்வார். அப்படி ஒரு மனுஷரை நான் பிறகு பார்க்கவே இல்லை.

கடைசி வரியை யோசித்துச் சொல்கிறேன். நீ கற்றுக்கொள்வதை ஒன்று விடாமல் எழுது.

அண்ணன்
ஜாபர் அலி


கொடைக்கானல்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். நான் சுகமே. கிராம்புத் தைலத்துக்குப் பல்வலி கேட்டது.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள், பிறகு வருத்தப்படக்கூடாது. சி, எஃப், ஜி மூன்றும் ஒருவாறு வந்துவிட்டன. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. எல்லாருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைக் கடையில் வைத்து வாசித்தேன். எதிர் டீக்கடை நல்லுசாமி தலையை நீட்டி, "குப்பை வண்டி வருதாக்கா? வாளிய எடுத்துட்டு வரவா?" என்றான். மறுநாள் இன்னொரு பாட்டு. "இதுவும் குப்பை வண்டிதானக்கா, மக்காத குப்பை?" என்றான்.

தப்பு என் கையில் இல்லை, நரம்பில் இருந்தது. ஒரு நரம்பு அறுந்துபோய்ப் புதுசாக ஒரு செட் வரவழைத்தேன். மாட்டும்போது நம் வீட்டுப் புத்தி வேலை செய்துவிட்டது. ஸ்வெட்டரைப் பெரிய சைஸிலிருந்து சின்ன சைஸ் வரை அடுக்குகிற மாதிரி, தடியான நரம்பை மேலே போட்டு, அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக மாட்டிவிட்டேன். இரண்டாவது நரம்பு துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கியது. சால்வை பார்க்க வந்த ஒரு பெண் அதை எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆன்ட்டி, இதுல மேல இருக்கறதுதான் மெல்லிசு. தடி நரம்பு ரெண்டாவது" என்று கழற்றிச் சரியாக மாட்டிக் கொடுத்தாள். சால்வை வாங்காமலே போனாள். பரவாயில்லை.

முறைத்த முன்சீட்டுக்காரரை நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இன்னும் எழுதுங்கள். கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

ஜஹனாரா


கொடைக்கானல்
14 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு ஸலாம். சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஃபஹீமுக்குப் போன் போட்டேன். "அத்தா நல்லா இருக்காங்க மாமி, தோப்புல இருக்காங்க" என்கிறான். கொடுடா என்றால் பிறகு கொடுக்கிறேன் என்கிறான். என்மேல் கோபமா?

நேற்று அந்தப் பழைய சினிமாப் பாட்டை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது நல்லுசாமி டீ ஆற்றிக்கொண்டே கூடவே பாடினான். பாடுகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு 'ஜி' தவறிவிட்டது. நாம் வாசிப்பது இன்ன பாட்டு என்று இன்னொருவருக்குத் தெரிவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பஸ் பாட்டு பெருமாள்மலை வரை வந்துவிட்டது. வார்த்தைகூட வேண்டாம். அதற்குப் பிறகு வரும் ராகத்தை வாட்ஸ்அப்பில் முனகி அனுப்புங்கள். ஃபஹீம் போனைப் பிடித்தால் போதும்.

ஜஹனாரா


பாலசமுத்திரம்
20 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கோபம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து கிடந்தேன். இப்போது சுகம். நல்லுசாமி கூடப் பாடியதை நாலு தடவை படித்தேன்.

வரி ஞாபகம் வந்துவிட்டது. 'செண்பகனூருல செருப்பத் தொலச்சு.' இதுதான் என்று நினைக்கிறேன். வாசித்துப் பார்த்துப் பொருந்துகிறதா என்று எழுது. எந்த இடத்தில் பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று விவரமாக எழுது. தொண்டை கட்டியிருக்கிறது, முனக முடியாது.

கொடையில் பனி ஆரம்பித்துவிட்டதா? சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஜாபர் அலி


கொடைக்கானல்
5 அக்டோபர் 2025

அண்ணனுக்கு ஸலாம். எனக்குச் சளி இல்லை. உங்கள் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடியுங்கள்.

செருப்பு பொருந்தவில்லை. கடைசி மூன்று வரியாக அத்தா சாப்பாடும் தண்ணீருமாக வந்துகொண்டிருக்கிறார். திடீரென்று செருப்பை ஏன் தொலைக்கிறார்? தொலைத்தபின் என்ன செய்கிறார்? வெறுங்காலோடா வீட்டுக்கு வந்தோம்? எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. வரியும் ஒரு தட்டு நீளமாகக் கெடக்கு. 'தொலச்சு' என்று வரும்போது 'சி'க்குத் திரும்பினால் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

நன்றாக யோசியுங்கள். தொண்டை சரியானதும் முனகி அனுப்புங்கள்.

ஜஹனாரா


பாலசமுத்திரம்
11 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது, இன்றே எழுதுகிறேன்.

செருப்பு தப்பு. வயசாகிறதல்லவா. சரியான வரி 'செண்பகனூருல சால்வையப் போத்தி.' அங்கே வரும்போதுதான் குளிர் ஆரம்பிக்கும். அத்தா விற்பதற்கு வாங்கி வந்த மூட்டையிலிருந்து ஒரு சால்வையை உருவி நம் இருவர் மேலும் போடுவார். பிறகு அதையே மடித்துப் புதுசாக விற்றுவிடுவார். வாங்கியவர்கள் நம் எலுமிச்சம்பழ வாசனையையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள்.

வாசித்துப் பார்த்து எழுது. தொண்டை இன்னும் சரியாகவில்லை.

ஜாபர் அலி


கொடைக்கானல்
9 நவம்பர் 2025

அண்ணனுக்கு ஸலாம். நலம்தானே?

சால்வை அழகாக உட்காருகிறது. ஆனால் போர்த்தி? மறுபடியும் பாதியில் நிற்கிறது. அத்தாவின் பஸ் ஊர் வந்து சேரவே மாட்டேன் என்கிறது. ஒரு வரிக்கு நீங்கள் இரண்டு வரி சொல்லிவிட்டீர்கள். இரண்டில் எது நிஜம் என்று நேரில் உங்கள் வாயால் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளனே பழனி பஸ்ஸைப் பிடித்து, யூகலேலேயோடு வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள். எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் அங்கே இருப்பேன்.

ஜஹனாரா


கொடைக்கானல்
24 நவம்பர் 2025

அன்புள்ள ஜாபர் அண்ணனுக்கு ஸலாம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். சாஹிரா கட்டிக் கொடுத்த பிரியாணி வழியிலேயே தீர்ந்தது.

அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். நான் வந்தபோது நீங்கள் தோப்பில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தென்னை ஓலை கிழித்துக்கொண்டிருந்தீர்கள். "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. வேடிக்கை பண்ணுகிறீர்கள் என்று நினைத்து, அங்கேயே நின்று யூகலேலேயை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். காமக்காபட்டியிலிருந்து பெருமாள்மலை வரை. ஒரு தப்பில்லாமல் அதற்கு முன்னால் நான் வாசித்ததே இல்லை. நீங்கள் ஓலை கிழித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் சுற்றி வந்து முன்னால் நின்ற பிறகுதான், "ஏ புள்ள, எப்ப வந்த?" என்று சிரித்தீர்கள்.

நான் யூகலேலேயைப் பைக்குள் வைத்துவிட்டேன். சாப்பிடும்போது நான் பேசியதற்கெல்லாம் தலையாட்டினீர்கள். என் வாயையே பார்த்தீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பேசியபோதும் தலையாட்டினீர்கள். சாஹிரா குனிந்துகொண்டாள். ஃபஹீம் பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டேன். "ரெண்டு வருசமாச்சு மாமி. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றான்.

மறைத்தீர்கள் என்று எனக்குக் கோபமில்லை. துக்கம்தான். இந்தப் பாட்டைக் கேட்டு இன்னது என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தீர்கள். நான் மூன்று விரலை வைத்துக் கற்றுக்கொள்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

ராகம் வேண்டாம். வார்த்தையையாவது முழுசாக எழுதிவிடுங்கள். எது சரியான வரி?

ஜஹனாரா


பாலசமுத்திரம்
11 ஜனவரி 2026

அன்புத் தங்கை ஜஹனாராவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து வருஷமே மாறிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. காது மட்டும்தான். மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். மாட்டினால் சந்தைக்குள் நிற்கிற மாதிரி இரைச்சல், பேச்சு விளங்குவதில்லை. அலமாரியில் வைத்துவிட்டேன். கடையில் ஒருவர் கேட்டது ஒன்று, நான் எடுத்துக் கொடுத்தது ஒன்று என்று ஆகிப்போய்த்தான் நான் பஜாரை விட்டது. அலுப்பினால் இல்லை.

எது சரியான வரி என்று கேட்டாய். இரண்டும் இல்லை. பெருமாள்மலை வரும்போது நீ தூங்கிவிடுவாய். ஒரு தடவைகூட நீ முழித்திருந்ததில்லை. பேரிக்காய் என்று அத்தா சொல்லும்போது உன் தலை அவர் மடியில் சாயும். அவர் அதோடு நிறுத்திவிடுவார். நான் "அப்பறம் அத்தா?" என்று கேட்பேன். "சும்மா வாலே, புள்ள தூங்குது" என்பார். பிறகு ஊர் வரும் வரை பஸ் சத்தம் மட்டும்தான். கடைசி வரி என்று ஒன்று கிடையாது. அத்தா அதைக் கட்டவே இல்லை.

செருப்பும் சால்வையும் நான் கட்டியது. சால்வை போர்த்தியது நிஜம், பாட்டில் வந்தது பொய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். எனக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் என்னிடம் கையைக் காட்டித்தான் பேசுகிறார்கள். சாப்பிடு, உட்கார், டாக்டர். அதற்கு மேல் பேச யாருக்கும் பொறுமை இல்லை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. உன் கடிதத்தில்தான் குப்பை வண்டியும் மக்காத குப்பையும் வந்தன. அதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேனாம், சாஹிரா ஓடி வந்து பார்த்தாள். கடைசி வரி இல்லை என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால், நீ சரி என்று விட்டிருப்பாய். பிறகு எனக்கு எழுத உனக்கு என்ன இருக்கும்? அதனால் இருக்கிறது, யோசிக்கிறேன் என்று இழுத்துக்கொண்டே போனேன்.

தோப்பில் எனக்குப் பின்னால் நின்று வாசித்தாய் என்று எழுதியிருந்ததைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தப்பில்லாமல் வாசித்தேன் என்கிறாய். நீ சொன்னால் சரிதான். என்னால் அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

ஜாபர் அலி


கொடைக்கானல்
18 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். நான் சுகம். உறைபனி விழுந்து ஏரிப்பக்கப் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. கம்பளிக் குல்லாய் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். ஸ்வெட்டருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா பயந்துபோய், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். நல்லுசாமி டீ கொண்டுவந்து வைத்தான். இத்தனை மாதமாக எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் சொன்னேன். எனக்காகத்தான் அத்தா அதை நிறுத்தினார் என்றும் சொன்னேன். இப்படியும் ஒருவர் நம் மேல் அன்பாக இருந்தார் என்பதை ஐம்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன் அண்ணே. நீங்கள் சொல்லாவிட்டால் அதுவும் தெரியாமலே போயிருக்கும்.

"சும்மா வாலே" என்று அத்தா உங்களை அதட்டியது எனக்காக என்றால், அந்த வயதில் நீங்கள் பெருமாள்மலையிலிருந்து ஊர் வரை பேச ஆளில்லாமலேயே வந்திருக்கிறீர்கள். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் முழித்துக்கொண்டிருக்கிறேன். செருப்பு வரியைத் தள்ளிவிட்டேன், அது எந்தப் பாட்டுக்கும் ஆகாது. சால்வை இருக்கட்டும். ஆகவே பஸ் செண்பகனூர் தாண்டி வந்துவிட்டது. இன்னும் ஊருக்குள் நுழையவில்லை. அடுத்த வரியைக் கட்டி அனுப்புங்கள். வாசித்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று விவரமாக எழுதுகிறேன். சரியாக உட்காராவிட்டால் திருப்பி அனுப்புவேன், நீங்கள் வேறு கட்ட வேண்டும். எனக்கு என்னவோ, அதுவும் உட்காராது என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் தங்கை
ஜஹனாரா